அவள் காணாத கனவு

கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் வேதா டீ பிடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே மைக்கில் அவளுடைய கனவைச் சொன்னார்கள்.

மனநலம் பற்றிய கூட்டம். காலேஜ் பிள்ளைகள், நர்ஸுகள், ரிடையரான வாத்தியார்கள், முன்வரிசையில் சில வெள்ளைக்காரர்கள். ஏற்பாடு செய்த ராஜேந்திரன் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை ஊரில் இருக்கும் வேதாவின் கடையில் தினமும் டீ குடிப்பவர். டீயும் சுண்டலும் அவளிடமே சொல்லியிருந்தார். மேடையில் ஹாலந்துக்காரி மரியன் ஆங்கிலத்தில் பேச, சென்னையிலிருந்து வந்திருந்த வினோதினி என்ற பெண் அதை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இந்த ஊர்ப் பெண் ஒருவர். பெயர் வேண்டாம். கணவர் விபத்தில் இறந்துவிட்டார். கனவில் வருகிறார். மழையில் நனைந்து வருகிறார்.”

வேதா டீ கேனின் குழாயை மூடினாள்.

“கதவு திறந்திருக்கிறது. அவர் உள்ளே வருகிறார். அந்தப் பெண் துண்டு கொடுக்கிறார், சோறு போடுகிறார். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். வாரத்துக்கு வாரம் கனவு கொஞ்சம் மாறியது. ஒருநாள் அந்தப் பெண் வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார். அதற்குப் பிறகு கனவு வரவில்லை. இன்று அவர் நன்றாகத் தூங்குகிறார்.”

கைதட்டினார்கள்.

மழையில் நனைந்தவன் அவளுடைய புருஷன்தான். துண்டும் சோறும் யாருடையவை என்று வேதாவுக்குத் தெரியவில்லை. அவளுடைய கனவில் கதவு ஒருநாளும் திறந்ததில்லை.

“ஏம்மா, டீ ஆறுது,” என்றார் ஒருவர்.

மேடையிலிருந்து இறங்கிய மரியன் அவளைப் பார்த்துவிட்டாள். டீக்காரியாக அவளை அங்கே எதிர்பார்க்கவில்லை போலும். முகம் சிவந்தது. பிறகு நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள்.

வேதா சிரிக்கவில்லை.

*

பிரகாஷ் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆட்டோ ஓட்டினான். குடித்துவிட்டு வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று வேதா சொல்லியிருந்தாள். பெண்டாட்டிகள் எல்லோரும் சொல்வதுதான். அவன் செத்த அன்று சாயங்காலம் அவள் சொன்னபடி செய்தாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அவன் தட்டினான். திட்டினான். கடைசியில், “மழைடி,” என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுடைய பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. செங்கம் ரோட்டில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது.

அவனுடைய அம்மா வள்ளி அன்று ஊரில் இல்லை. மகள் அபிநயாவின் வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் அங்கிருந்து போன் பண்ணி, பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கி வை என்று மகனிடம் சொல்லியிருந்தாள். போலீஸ்காரர் அவன் சட்டைப் பையில் இருந்ததாக அந்த மாத்திரை அட்டையைக் கொடுத்தார். வள்ளி அதை வாங்கிப் பார்த்தாள். மாத்திரை வாங்கப் போய்த்தான் மகன் மழையில் செத்தான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினாள்.

அவன் மாத்திரையோடு வீடு வந்து சேர்ந்ததும், கதவைத் தட்டியதும் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு வள்ளி மாத்திரை சாப்பிடவில்லை. “என் புள்ளயத் தின்ன மாத்திரைய நான் திங்கணுமா?” என்றாள். ஒருநாள் கடைவாசலில் மயங்கி விழுந்தாள். கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எவ்வளவோ சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து வேதா மாத்திரையைப் பொடித்து, காலையில் அத்தை குடிக்கும் மோரில் கலந்துவிடுவாள். உப்பும் பெருங்காயமும் கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள். வள்ளி குடித்துவிட்டு, “உன் கைமோருக்கு ஒரு ருசி இருக்குது மே,” என்பாள்.

கனவில் பிரகாஷ் தட்டிக்கொண்டே இருப்பான். கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர் உள்ளே வரும். அவள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருப்பாள். திறப்பதற்குப் பிடித்திருக்கிறாளா, திறக்காமல் இருப்பதற்கா என்பது கனவிலும் தெரியாது. தண்ணீர் இடுப்புக்கு வரும்போது விழித்துக்கொள்வாள்.

“கெட்ட கனவா?” என்று வள்ளி ஒருநாள் கேட்டாள். என்ன கனவு என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது. “குழாயத் தொறந்து தண்ணிகிட்ட சொல்லிட்டு மூஞ்சி கழுவு. தண்ணியோட போயிடும்.”

வேதா தண்ணீரிடம் சொன்னாள். பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். கனவு தினமும் வந்தது.

அப்போதுதான் சதஃப் வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஆசிரமம் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சதஃபுக்கு ரிசப்ஷன் வேலை. இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. வேதாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்துவிட்டு, “எங்க மாடி ரூம்ல ஹாலந்துலேந்து ஒரு அம்மா வந்து தங்கியிருக்காங்க. கனவு டாக்டர்,” என்றாள்.

“கனவுக்கு டாக்டரா?”

“பல்லுக்கு இருக்கறப்ப கனவுக்கு இருக்கக் கூடாதா? வாடி. நான் பக்கத்துலயே இருப்பேன். நீ தமிழ்ல சொல்லு, நான் மாத்திச் சொல்றேன்.”

மொட்டைமாடியில் கீற்றுப் பந்தலின் கீழ் வாரம் ஒருநாள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, கனவு இப்போது நடப்பதுபோலவே சொல்ல வேண்டும் என்றாள் மரியன். வேதா சொன்னாள். சதஃப் அதைக் கடைசிவரை கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். மரியன் என்னவோ கேட்டாள். சதஃப் அவளிடம் ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் பேசினாள்.

“நீ நல்லா அழுதியான்னு கேக்கறாங்க,” என்றாள் சதஃப்.

இன்னொரு வாரம், “இப்ப நீதான் அந்தக் கதவாம். கதவு இன்னா சொல்லுதுன்னு கேக்கறாங்க,” என்றாள்.

வேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சதஃபும் சிரித்தாள். பிறகு வேதா கதவாக இருந்து பார்த்தாள். “நான் மரம். என்னை யார் தொறந்தாலும் தொறப்பேன்,” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்தது. மரியனின் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அந்த அழுகை பொய்யில்லை என்று வேதா இன்றும் நம்புகிறாள். ஆனால் மரியன் எதைக் கேட்டு அழுதாள்?

டோர், ரெயின், ஹஸ்பெண்ட் எல்லாம் வேதாவுக்குத் தெரியும். பத்தாவது வரை படித்தவள். ஓப்பன் என்ற வார்த்தையும் காதில் விழுந்தது. கதவை ஓப்பன் பண்ணவில்லை என்று சதஃப் சொல்வதாக நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மரியன் நிறையப் பேசினாள். சதஃப் அதைச் சுருக்கமாகச் சொன்னாள். “அவருக்கு உன்மேல கோவமே இல்லியாம். தட்டறது அவரு இல்லியாம், உன் மனசுதானாம். நீ தூங்கலாமாம்.”

படித்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொல்கிறாள். கதவையும் தாழ்ப்பாளையும் ‘மழைடி’ என்றதையும் கேட்டுவிட்டு, தூங்கலாம் என்கிறாள். வேதா தூங்கினாள். உடம்பு தேறியது. கனவு எப்போதாவது வந்தது. பிறகு வரவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. “இத எங்க அத்தைகிட்ட சொல்லணுமான்னு கேளு,” என்றாள்.

சதஃப் கேட்டாள். மரியன் விரலை மடக்கி யோசித்துவிட்டு ஏதோ சொன்னாள்.

“தேவையில்லையாம். வயசானவங்களுக்கு அது தாங்காதாம்.”

அத்தையிடம் சொல்லாமல் இருப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்று வேதா எடுத்துக்கொண்டாள். மோரில் கலப்பது மட்டும் நிற்கவில்லை.

*

கூட்டம் முடிந்ததும் கேனைக் கழுவக்கூட இல்லை. ஆட்டோ பிடித்து நேராக கெஸ்ட் ஹவுஸுக்குப் போனாள். சதஃப் ரிசப்ஷனில் யாருக்கோ சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி இந்த நேரத்துல? பௌர்ணமி, கடைல கூட்டம் பிச்சிக்கினு போவுமே.”

“நான் சொன்ன கனவுல கதவு தொறந்துதா?”

சாவி வாங்கியவர் படியேறிப் போகும்வரை சதஃப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யார் சொன்னா?”

“மைக்ல சொன்னாங்க. ஊருக்கே சொன்னாங்க. நான் துண்டு குடுத்தேனாம். சோறு போட்டேனாம். இன்னா கொழம்புன்னு மட்டும் சொல்லல. நீ சொல்லு, இன்னா கொழம்பு?”

“வேதா, மெதுவா பேசு.”

“கேக்கறேன் இல்ல?”

சதஃப் மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுடைய கையைப் பிடிக்கப் பார்த்தாள். வேதா கையை இழுத்துக்கொண்டாள்.

“மொத நாள் நீ சொன்னத அச்சு பிசகாமத்தான் சொன்னேன். அல்லா மேல ஆணை. அதுக்கு அவங்க இன்னா கேட்டாங்க தெரியுமா? ‘அவர் சாகணும்னு நீங்க நெனச்சீங்களா’ன்னு கேட்டாங்க. அத நான் உன்கிட்ட கேட்டிருக்கணுமா? அந்த மூஞ்சியோட உக்காந்திருந்த உன்கிட்ட?”

வேதா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்க வீட்ல கெட்ட கனவ யார்கிட்டயும் வாயத் தொறந்து சொல்ல மாட்டோம். அப்படியே சொன்னாலும் நல்லது நெனைக்கறவங்ககிட்டதான் சொல்லணும். மொதல்ல யாரு இன்னா அர்த்தம் சொல்றாங்களோ, அதான் நெலைக்கும்னு எங்க அம்மி சொல்லுவாங்க. அந்த அம்மா வாயிலேந்து மொதல்ல வந்தது அந்தக் கேள்வி. அது உன்மேல நெலைக்கக் கூடாதுன்னு நெனச்சேன். ‘மன்னிக்கணும், நான் தப்பா மாத்திட்டேன், கதவு தொறந்துதான் இருந்துச்சு’ன்னு சொல்லிட்டேன். ஒருதடவ தொறந்துட்டா அப்புறம் அவர வெளிய நிக்க வைக்க முடியுமா? உள்ள வந்தாரு. நனைஞ்சிருந்தாரு. துண்டு குடுத்தேன்.”

“நீ குடுத்த.”

“நான்தான் குடுத்தேன்.”

“கோவம் இல்லன்னு சொன்னது யாரு?”

“அவங்கதான்.”

“சோறு போட்டவமேல கோவம் இல்ல. எனக்கு யாருடி சொன்னா?”

சதஃப் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்தபோது அவள் குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது.

“தூங்கினியா இல்லியா?”

“தூங்கினேன்.”

“கனவு நின்னுச்சா இல்லியா?”

“நின்னுச்சு.”

“அப்புறம் இன்னா? டாக்டருக்குப் படிச்சவங்க பண்றது அதான? நீ உங்க அத்தைக்கு மோருல கலக்கல? கேட்டுட்டா கலந்த? நானும் அதான் பண்ணேன்.”

சதஃப் சொன்னதில் தப்பில்லை. அது வேதாவுக்கே தெரிந்தது. தெரிந்தும் கோபம் தணியவில்லை. வேறு ஒன்றைக் கேட்டாள்.

“மைக்ல சொல்றதுக்கு முன்னால என்னைக் கேக்கணும்னு அவங்களுக்குத் தோணலியா?”

“கேட்டாங்க. என்கிட்ட கேட்டாங்க. உனக்குச் சந்தோஷம்னு சொல்லிட்டேன். இல்லன்னு சொன்னா உன்ன உக்காரவச்சு திரும்பப் பேசணும்பாங்க. அதுக்குப் பயந்தேன்.”

“அத்தைகிட்ட சொல்லணுமான்னு நான் கேக்கச் சொன்னேனே. அதையாவது கேட்டியா?”

சதஃப் வாசல்பக்கம் பார்த்தாள்.

“‘நீங்க எப்ப ஊருக்குப் போறீங்க’ன்னு அவங்களக் கேட்டேன்,” என்றாள்.

மரியன் விரலை மடக்கி எண்ணியது வேதாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. மாசங்களை எண்ணியிருக்கிறாள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு, தன் அத்தையின் விஷயத்தை ஒரு டாக்டர் எவ்வளவு நிதானமாக யோசிக்கிறாள் என்று அன்று அவள் நினைத்திருந்தாள்.

வாசலில் கார் நின்றது. மரியன் கையில் பூங்கொத்தோடு உள்ளே வந்தாள். வேதாவைப் பார்த்ததும் அவசரமாக என்னவோ சொன்னாள்.

“உன் பேரச் சொல்லல, தப்பா எடுத்துக்கலையேன்னு கேக்கறாங்க,” என்றாள் சதஃப்.

வேதா சதஃபைப் பார்க்கவில்லை. மரியனுக்கு எதிரே போய் நின்றாள். தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கினாள்.

“டோர், நோ ஓப்பன்,” என்றாள். தன்னைத் தொட்டுக் காட்டினாள். “ஹஸ்பெண்ட் அவுட்சைட். ரெயின். ஐ நோ ஓப்பன். நாட் ட்ரீம். ட்ரூ. ஹி கோ. ஹி டெத்.”

மரியன் அவளைப் பார்த்தாள். சதஃபைப் பார்த்தாள். சதஃப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மரியன் அதைத் தரையிலேயே வைத்தாள். பிறகு வேதாவை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக ஏதோ சொன்னாள்.

வேதா காத்திருந்தாள்.

“உங்க கனவ நான் சரியா கேக்கல, மன்னிச்சிடுங்கன்னு சொல்றாங்க,” என்றாள் சதஃப். “மொதல்லேந்து ஆரம்பிக்கலாமான்னு கேக்கறாங்க.”

“நெஜமா அதான் சொன்னாங்களா?”

“அதாண்டி.”

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனிமேல் அந்த வாயிலிருந்து எது வந்தாலும் அப்படித்தான். வேறு ஒரு வாயை அவள் எங்கே போய்த் தேடுவாள்? வேதா நீட்டிய கைகளைத் தொடாமல் வெளியே வந்தாள்.

“வேதா,” என்று சதஃப் வாசல்வரை ஓடிவந்தாள். “என்ன ரெண்டு அடி அடிச்சுட்டாவது போடி.”

“உன்ன அடிச்சா நான் யார்கிட்ட வந்து அழுவேன்?” என்றாள் வேதா. சொன்ன பிறகுதான், அழுவதற்கு இனி அங்கேயும் வரமுடியாது என்பது உறைத்தது.

*

வள்ளி கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கிரிவலக் கூட்டம் வந்தால் ஜூஸுக்கு ஆகும்.

“எங்கமே போன? மண்டபத்துலேந்து அப்பவே வண்டி வந்துடுச்சு, கேன் வந்துடுச்சு, உன்னக் காணோம்.”

வேதா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். இதை எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது.

“அத்தை, அவரு மாத்திரை வாங்கினு வீட்டுக்கு வந்துட்டாரு.”

வள்ளி கத்தியை நிறுத்தினாள்.

“வந்துட்டாரு. குடிச்சிருந்தாரு. நான் கதவத் தொறக்கல. தட்டினாரு. மழைன்னாரு. நான் உள்ள உக்காந்திருந்தேன். அப்புறம்தான் வண்டிய எடுத்துக்கினு போனாரு. உங்க மாத்திரைக்காகப் போகல. என்னாலதான் போனாரு.”

வெளியே ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று தெளித்துக்கொண்டு போனது. வள்ளி கத்தியைத் தட்டில் வைத்தாள்.

“அன்னிக்கே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“போலீஸ்காரன் அட்டைய என் கைல குடுத்தான். நீ பக்கத்துல நின்ன.”

“நின்னேன்.”

“நான் மார்ல அடிச்சிக்கினு அழுதேன். என் மாத்திரதான் என் மாத்திரதான்னு. என்னைத் தாங்கிப் புடிச்சது நீ.”

“ஆமா அத்தை.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“சதஃபுக்கு. இன்னிக்கு அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு.”

வள்ளி தலையை ஆட்டினாள். “வெள்ளைக்காரிக்குச் சொன்ன. எனக்குச் சொல்லல.”

வேதா மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். மோரைப் பற்றிச் சொன்னாள். பாதியில் நிறுத்தினால் பிறகு சொல்லவே முடியாது என்று தெரிந்திருந்தது.

“இன்னிக்குமா?” என்று கேட்டாள் வள்ளி.

“இன்னிக்கும்.”

வள்ளி அவளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடிப்பாள் என்று வேதா நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வள்ளி கையை முந்தானையில் துடைத்தாள்.

“ரெண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டியே. அது பாசமா, பயமா?”

வேதாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

வள்ளி எழுந்தாள். எலுமிச்சம்பழத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டாள். வேதா எழுந்து வாங்கப் போனாள். “தொடாத,” என்றாள் வள்ளி. குரல் உயரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் போனாள்.

வேதா திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள். மலை சுற்றும் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. செருப்பில்லாத கால்கள் திரைக்கு அடியில் தெரிந்தன. கிளாஸ் கழுவுகிற சத்தம், சில்லறை போடுகிற சத்தம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஆரணியிலிருந்து வருகிற அம்மாவின் குரல் கேட்டது.

“நீயா நிக்கற இன்னிக்கு? மருமவ எங்க, இல்லியா?”

வேதா திரையைப் பிடித்தாள்.

“இல்ல,” என்றாள் வள்ளி. “உங்களுக்கு ஜூஸு சக்கர போட்டா, உப்பு போட்டா?”